மாசிப் பனி போகும்வரை

அந்த பீன்ஸ் செடிகளை நான் இன்னும் மறக்கவில்லை. பிப்ரவரி மூன்றாவது வாரம். நாற்பது செடி. ஜனவரி கடைசியில் விதைத்தது, எல்லாம் மூன்றாவது இலை விட்டிருந்தன. முந்தின நாள் மாலை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றிவிட்டு, கொடி ஏறப்போகிற சந்தோஷத்தில் வீட்டுக்குள் வந்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனால் இலையெல்லாம் விறைத்து நிற்கிறது. ஓரங்களில் உப்புத் தூவியது போல வெள்ளை. தொட்டால் சில்லென்று ஒடிகிறது. எட்டரைக்கு வெயில் ஏறியதும் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கிவிட்டன. நாற்பதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நாங்கள் மதுரைப் பக்கத்து ஆட்கள். நானும் வீட்டுக்காரரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், நான்கு வருடத்துக்கு முன்னால் இங்கே வந்தோம். கோத்தகிரியிலிருந்து ஊட்டி போகிற சாலையில், கட்டபெட்டைத் தாண்டி ஒரு சின்ன ஹட்டி. படுகர் ஊரை ஹட்டி என்பார்கள். ஊர் ஓரத்தில் தகரக் கூரை போட்ட பழைய வீடு, இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் சரிவாக இறங்கும் பதினைந்து சென்ட் நிலம். வாடகைக்குத்தான் இருக்கிறோம். நிலத்தில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், மரத்தை மட்டும் வெட்டாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

ஊரில் எனக்குத் தெரிந்த விவசாயம் எல்லாம் ஆடிப்பட்டம், தைப்பட்டம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று கேட்டே வளர்ந்தவள். இங்கே ஆடியில் காற்றும் சாரலும் ஆளைத் தூக்கும். ஜனவரி முடியும்போதோ வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் குளிர் போயாச்சு என்று நினைத்தேன். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று என் ஆச்சி சொல்லும். மதுரையில் அது ஒரு சொலவடை, அவ்வளவுதான். மச்சைத் துளைக்கிற பனியை நான் பார்த்தது இங்கேதான். வானம் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ, காற்று எவ்வளவு அடங்கிக் கிடக்கிறதோ, அந்த ராத்திரி அவ்வளவு ஆபத்து. மேகம் போர்வை மாதிரி மூடியிருந்தால் தரையின் சூடு தங்கும். மேகம் இல்லாவிட்டால் பகலில் வாங்கிய சூட்டை எல்லாம் தரை வானத்துக்கு விட்டுவிடும். விடியற்காலையில் அது உறைபனியாக நிற்கும்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். வீட்டுக்குள் படுக பேசுவார், என்னிடம் தமிழ். கறுத்த செடிகளுக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து வேலியருகே வந்தார். திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "ஏம்மா, பனி தண்ணி மாதிரி. மேட்டுல நிக்காது, இறங்கிப் போய்ப் பள்ளத்துலதான் தேங்கும். நீ பள்ளத்துல நட்டிருக்க" என்றார்.

ஆமாம், கீழ்ப்பாத்தியில்தான் நட்டிருந்தேன். நிலத்திலேயே சமமான இடம் அதுதான், தண்ணீர்க் குழாயும் அங்கேதான். அதற்குக் கீழே அடர்த்தியான வேலி வேறு. இறங்கி வருகிற குளிர்காற்றை அந்த வேலி அணைபோல் தடுத்து நிறுத்திவிடுகிறது.

அன்று ராத்திரி மூன்று எவர்சில்வர் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி, ஒன்றை மேல்பாத்தியில், ஒன்றை நடுவில், ஒன்றைக் கீழே வேலியோரம் வைத்தேன். காலையில் மேல்தட்டில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. நடுத்தட்டின் ஓரத்தில் ஊசி ஊசியாக லேசாகக் கட்டியிருந்தது. கீழ்த்தட்டில் முழுக்க ஒரு பனித்தகடு. விரலால் நெம்பி எடுத்தேன், பாலாடை மாதிரி வட்டமாக முழுசாக வந்தது. அதன் வழியே பார்த்தால் புல் தெரிந்தது. மூன்று தட்டுக்கும் நடுவே மொத்தம் முப்பதடி தூரம்கூட இல்லை! ஒரே தோட்டத்துக்குள் இரண்டு பருவம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

புதிதாக மலைப்பக்கம் வீடு எடுக்கிற யார் என்னிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். முதல் வருடம் விதை வாங்குமுன் தட்டு வையுங்கள். தெளிவான பத்து ராத்திரி போதும், எங்கே பனி தேங்குகிறது என்று நிலமே காட்டிவிடும். கூடவே காலை வெயில் எந்த இடத்தில் முதலில் படுகிறது, எங்கே பத்து மணிவரை நிழல் என்றும் பாருங்கள். முதலில் வெயில் படுகிற இடம் நல்லது என்று நினைப்போம். ஆனால் பனி உறைந்த இலையில் சட்டென்று வெயில் ஏறினால்தான் கருகல் அதிகம். அதனால்தான் இங்கே பல பேர் வெயில் படுவதற்கு முன்பே எழுந்து செடிகள் மேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் நாற்றுகளையும் பூச்செடிகளையும் கோத்தகிரி மிலார் என்கிற செடியின் கிளைகளைக் கொண்டு மூடி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் இப்போது மாலை ஐந்து மணிக்குச் சின்னச் செடிகள் மேல் இலைதழைக் கிளைகளைக் கூரைபோல் சாய்த்து வைத்து, காலையில் எடுத்துவிடுகிறேன். பிளாஸ்டிக் ஷீட்டை இலைமேல் படும்படி போடாதீர்கள், அது தொடுகிற இடமெல்லாம் கருகும்.

இப்போது கீழ்ப்பாத்தியில் குளிர் தாங்குகிறவை மட்டும்தான். பூண்டு, முட்டைகோஸ், நூக்கல், கேரட். பீன்ஸும் உருளையும் மேலே, அதுவும் மார்ச் பாதிக்குப் பிறகு. இந்த ஊரில் உருளைக்கு மூன்று போகம். ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் பாய்ச்சிப் போடுவது நீர்போகம், கோடை மழையை நம்பிப் போடுவது கார்போகம், ஆகஸ்ட் வாக்கில் போடுவது கடைபோகம். என் மாதிரி ஆளுக்குக் கார்போகம்தான் ஒத்து வருகிறது.

உருளைக்கிழங்கு இந்த மலைக்குச் சொந்தமானது இல்லை. 1819இல் இந்தப் பக்கம் வந்த கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில்தான் உருளையும் மற்ற இங்கிலீஷ் காய்கறிகளும் இங்கே காலூன்றின. அவர் கட்டிய வீடு கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் இன்னும் நிற்கிறது, அருங்காட்சியகமாக இருக்கிறது. ஒரு நாள் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். இருநூறு வருடத்தில் ஒரு செடி ஒரு ஊரின் போகங்களுக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு வேரூன்றிவிட்டதே என்று திரும்பி வருகிற வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தோம்.

மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்பாக, பொலபொலவென்று, கையில் எடுத்தால் காப்பித்தூள் மாதிரி இருக்கும். இதில் எது போட்டாலும் வரும் என்று நினைத்துப் பீட்ரூட் போட்டேன். இலை சிவந்து சுருங்கி, கிழங்கு கோலிக்குண்டு அளவில் நின்றுவிட்டது. மண்பரிசோதனைக்குக் கொடுத்தோம். கார அமில நிலை 4.9 என்று வந்தது, நல்ல புளிப்பு மண். இந்த மலையில் பெரும்பாலும் அப்படித்தான், தேயிலைக்கு அதுதான் பிடிக்கும். பீட்ரூட், கோஸ் எல்லாம் அதில் திணறும். பரிசோதனைச் சீட்டில் எழுதியிருந்த அளவுக்கு டோலமைட் என்கிற சுண்ணாம்புக்கல் தூள் வாங்கி, விதைப்பதற்கு ஒரு மாதம் முன்பே மண்ணில் கலந்துவிட்டேன். அடுத்த பீட்ரூட் உள்ளங்கை அளவு. ஆனால் உருளைப் பாத்தியில் டோலமைட் போடவில்லை. புளிப்பு மண்ணை உருளை தாங்கும், சுண்ணாம்பு ஏறினால் தோலில் சொறி வரும். ஒரே மருந்தை எல்லாப் பாத்திக்கும் கொடுக்கக் கூடாது.

இதை எனக்குப் பிடித்தமாதிரி காட்டியது ஹைட்ராஞ்சியா. வீட்டின் இரண்டு பக்கமும் பழைய புதர்கள் இருக்கின்றன. கிணற்றடிப் பக்கம் பூப்பது அசல் நீலம். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் வருகிற நீலம் அது. டோலமைட் மூட்டையை நான் பிரித்து வைத்திருந்த சுவரோரத்துப் புதர் மறு வருடம் ஊதா கலந்த ரோஸில் பூத்தது. சிந்தியது இரண்டு மூன்று கைப்பிடிதான் இருக்கும். வீட்டுக்காரர் இரண்டு கொத்தையும் ஒரே சொம்பில் வைத்துச் சாப்பாட்டு மேசையில் ஒரு வாரம் வைத்திருந்தார்.

கிக்குயு புல்லைப் பற்றி நல்ல வார்த்தை எதுவும் என்னிடம் இல்லை. பார்க்கப் பச்சைக் கம்பளம். உள்ளே விரல் தடிமனில் வேர்த்தண்டு ஓடும். மண்வெட்டியால் கொத்தினால் ஒன்று பத்தாகும், ஒவ்வொரு கணுவும் முளைக்கும். முள்கொத்து வைத்து மண்ணைத் தளர்த்தி, முழு நீளத்துக்கு உருவி எடுக்க வேண்டும். எடுத்ததை உரக்குழியில் போடாதீர்கள். நான் தகரத்தின் மேல் பரப்பி இரண்டு வாரம் வெயிலில் காயவிடுகிறேன். பிப்ரவரி வெயில் இதற்குத்தான் சரி. விதைக்கக் கை துறுதுறுக்கிற மாதத்தில் களையெடுங்கள், மனசுக்கும் ஆறுதல், நிலத்துக்கும் நல்லது.

காலை இங்கே எப்படி ஆரம்பிக்கிறது என்று சொல்கிறேன். ஐந்தே முக்காலுக்கு எழுந்து அடுப்பில் பாலை வைத்தால், ஏப்ரல் பிறந்த பிறகு ஓடைப் பக்கமிருந்து சீகாரப் பூங்குருவி கூவ ஆரம்பித்துவிடும். கூவல் என்று சொல்வதே தப்பு. பையன் ஒருவன் எங்கோ யோசித்துக்கொண்டே சீட்டியடித்துப் போவது போல இருக்கும், ராகம் தொடங்கும், பாதியில் நிற்கும், மறுபடி வேறு இடத்திலிருந்து தொடங்கும். முதல் தடவை கேட்டபோது யாரோ பால்காரர் என்றே நினைத்தேன். காப்பியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றுவோம். கையில் கத்தி, கொத்து எதுவும் எடுத்துப் போவதில்லை என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். அந்தச் சுற்று பார்ப்பதற்கு மட்டும். எந்த இலையில் ஓட்டை, எந்தக் கொடி குச்சியைத் தேடுகிறது, ராத்திரி எது வந்து போயிருக்கிறது. கையில் கொத்து இருந்தால் முதல் களையிலேயே உட்கார்ந்துவிடுவேன், மீதித் தோட்டம் கண்ணில் படாது.

எட்டரைக்குப் பக்கத்து வீட்டு அம்மா கூடையை மாட்டிக்கொண்டு தேயிலை பறிக்கப் போவார். கோடை மழைக்குப் பிறகு கொழுந்து துளிர்த்து விடுகிற நேரம் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பச்சைத் தேயிலைக்கு என்ன விலை என்று மட்டும் கேட்பேன். அவர் முகத்திலேயே பதில் இருக்கும். பகல் ஒரு மணிக்கு மேல் மூடுபனி பள்ளத்திலிருந்து ஏறி வந்துவிடும். அதற்குள் துணி காய வேண்டும், தோட்ட வேலை முடிய வேண்டும். பிறகு நாள் வீட்டுக்குள். வீட்டுக்காரர் ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார், நான் விதைகளைத் தரம் பிரிப்பேன், இல்லாவிட்டால் சும்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். முப்பது வருடம் மணி பார்த்து ஓடிய உடம்புக்குச் சும்மா உட்காரக் கற்றுக்கொள்ளவே ஒரு வருடம் ஆனது.

முதல் கோடை மழை எந்த நாள் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது வருடம் ஏப்ரலில் ஒரு மாலை வந்தது. தகரக் கூரையில் முதலில் நாலு சொட்டு, அப்புறம் பேச்சே கேட்கவில்லை. கல்மழையும் கலந்து விழுந்தது. வாசலில் நின்று இரண்டு பேரும் கையை நீட்டிக்கொண்டிருந்தோம். மழை விட்டதும் டார்ச்சோடு போய்ப் பார்த்தால், பத்து நாளாக ஈரம் காத்து முளைக்க வைத்த கேரட் பாத்தி மொத்தமும் வேலியோரம் சேறாகக் கிடந்தது. பாத்திகளைச் சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாக இழுத்திருந்தேன், தண்ணீர் வடிய வசதி என்று நினைத்து. மழைத் தண்ணீருக்கு நானே வாய்க்கால் வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த பதினைந்து நாள் இரண்டு பேரும் குறுக்கே படிப்படியாகப் பாத்தி திருப்பினோம். ஒவ்வொரு படிக்கும் கீழ்விளிம்பில் கல் அடுக்கி, மண்ணைச் சற்று மேல்பக்கம் சாய்வாக விட்டோம். முதுகு போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு எந்த மழையிலும் ஒரு கூடை மண்கூடக் கீழே போகவில்லை. கேரட் விதையைத் தூவியதும் நனைத்த சணல் சாக்கால் மூடி, முளை தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளை சாக்கோடு வந்துவிடும். எங்களுக்கு இங்கே முளைக்கப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் ஆகிறது. ஐந்தாவது நாளே மண்ணைக் கிளறிப் பார்க்காதீர்கள்.

மழைக்குப் பின்னால் ஓடில்லாத நத்தைகள் வரும். பகலில் ஒன்றையும் பார்க்க முடியாது, காலையில் நாற்றே இருக்காது. சாம்பலைச் சுற்றித் தூவச் சொல்வார்கள், ஒரு தூறலில் சாம்பல் கரைந்து போகும். எங்களுக்குப் பலித்தது ராத்திரி எட்டு மணிக்கு டார்ச், ஒரு குச்சி, உப்புத் தண்ணீர் ஊற்றிய பழைய டப்பா. தொடர்ந்து ஆறு ராத்திரி போனால் பாதிக்கு மேல் குறைந்துவிடும். வெயில் காலத்தில் ஈரம் காக்கப் போட்ட காய்ந்த புல் மூடாக்கை மழை ஆரம்பித்ததும் நாற்றுகளைச் சுற்றி மட்டும் விலக்கிவிடுங்கள், அவை பகலில் ஒளிந்திருப்பது அங்கேதான்.

காட்டெருமை வேறு கணக்கு. போன மே மாதம் சாயங்காலம் ஆறு மணி இருக்கும். சமையலறை ஜன்னலில் வெளிச்சம் குறைந்த மாதிரி இருக்கிறதே என்று நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலுக்கு எட்டடி தூரத்தில் அது நின்றது. தோள் மட்டும் என் தலைக்கு மேலே. நாலு காலிலும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி. பீன்ஸ் கொடியைக் குச்சியோடு இழுத்து, அவசரமே இல்லாமல் மென்றுகொண்டிருந்தது. மூச்சு விடும் சத்தம் கண்ணாடி வழியாகக் கேட்டது. விளக்கை அணைத்துவிட்டு இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிடம் கழித்து வந்த வழியே வேலியைச் சாய்த்துவிட்டு இறங்கிப் போனது. விரட்டாதீர்கள், கல் எறியாதீர்கள், படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். அது மிரண்டால் நமக்குத்தான் உயிர்ச்சேதம். இருட்டிய பிறகு தோட்டத்துக்குள் போகுமுன் கதவைத் திறந்து, வெளிச்சம் அடித்து, கொஞ்சம் சத்தம் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவோம். கரடியும் வருகிற ஊர் இது. சமையல் கழிவைத் திறந்த குழியில் போடுவதை நிறுத்திவிட்டோம். மூடியுள்ள டிரம்மில்தான் மக்க வைக்கிறோம், எண்ணெய், பழத்தோல் வாசனை வெளியே வராமல். இந்த நிலம் நமக்கு முன்னால் அவற்றின் வழித்தடம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பீன்ஸ் போனதற்கு அவ்வளவு வருத்தம் வராது.

விதைக்கிழங்கு விஷயத்தில் மட்டும் ஒரு வேண்டுகோள். கிடைக்கிற இடத்திலிருந்தெல்லாம் வாங்கி வந்து மண்ணோடு நடாதீர்கள். உருளையின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு நீலகிரி மண்ணில் 1961இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. கிழங்கில் ஒட்டிய மண்ணோடு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும், வந்துவிட்டால் பல வருடம் மண்ணில் உயிரோடு கிடக்கும். அதைத் தாங்குவதற்கென்றே குஃப்ரி ஸ்வர்ணா என்று ஒரு ரகத்தை உருவாக்கினார்கள். ஒரே பாத்தியில் தொடர்ந்து உருளை போடாமல், நடுவில் கோஸ், கேரட், பூண்டு, பட்டாணி என்று மாற்றிப் போடுவதும் அதற்காகத்தான். இதைத் தெரியாமல் முதல் வருடம் சந்தையில் வாங்கியதை நறுக்கி நட்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பாத்தியில் உருளை போடவே இல்லை.

இந்த வருடம் மார்ச் கடைசியில் மேல்பாத்தியில் நட்டோம். நடுவதற்கு முன் மூன்று வாரம், கிழங்குகளை முட்டைத் தட்டில் அடுக்கி, வெளிச்சம் வருகிற ஜன்னலோரம் வைத்திருந்தேன். இருட்டில் முளைத்தால் முளை வெளுத்து நீண்டு, நடும்போது ஒடியும். வெளிச்சத்தில் ஊதாவும் பச்சையுமாகக் குட்டையாக, கெட்டியாக வரும். அரை அங்குல முளை, அது போதும். நாற்பத்தைந்து நாளில் முதல் தடவை மண் அணைத்தாயிற்று. வெளியே தெரிகிற கிழங்கு வெயில் பட்டுப் பச்சையாகிவிடும், பச்சையானதைச் சாப்பிடக் கூடாது. மே மாதம் கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சிக்குப் போனபோது, காய்கறியால் செய்து வைத்த உருவங்களைவிட, ஓரமாக வைத்திருந்த ஒரு கூடை உருளைக்கிழங்கைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கீழ்ப்பாத்தியில் வைத்த தட்டை நான் திரும்ப எடுக்கவில்லை. பனிக்காலத்துக்கு அது அங்கேயே வேண்டும். இப்போது மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. மத்தியானம் மூடுபனி ஏறுமுன் கொண்டைக்குருவி ஒன்று ஜோடியைக் கூட்டிக்கொண்டு வந்து அதில் குளிக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா நேற்றுத் தேயிலைக் கூடையை வேலிமேல் சாய்த்துவிட்டு மேல்பாத்தியை நின்று பார்த்தார். செடியை ஒரு கையால் ஒதுக்கி, தண்டைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை மண் அணைச்சிடு, ரொம்ப நாள் விடாத" என்றார். நாளைக்கு அறுபதாவது நாள். காலையில் மழை இல்லாவிட்டால் அந்த வேலைதான்.